சின்னக் கடன் கொடுத்தால் செயல்திறன் குறைவா?

ஏழைகளுக்குச் சிறு கடன் கொடுக்கும் இரண்டு நுண்கடன் நிறுவனங்களை ஒப்பிட்டு எழுதுகிறீர்கள்: சம்பளம், பயணம் போன்ற செயல்பாட்டுச் செலவு, கடன் நிலுவையில் முதலாவதில் 20 சதவீதம், இரண்டாவதில் 8 சதவீதம். அந்த 20 சதவீதத்தை மட்டும் வைத்து முதல் நிறுவனத்தைத் திறன் குறைந்தது என்று எழுதிவிடாதீர்கள். கடனாளி ஒருவருக்கு ஆகும் செலவையும் போட்டுப் பாருங்கள்.

நீங்கள் கொடுத்த எண்களே போதும். முதல் நிறுவனத்தில் ஒருவரின் சராசரி நிலுவை 8,000 ரூபாய், செயல்பாட்டுச் செலவு 20 சதவீதம்: ஆளுக்கு 1,600. இரண்டாவதில் நிலுவை 40,000, செலவு 8 சதவீதம்: ஆளுக்கு 3,200. எது சிக்கனம்?

முதல் நிறுவனத்தின் சதவீதம் பெரிதாகத் தெரிவதற்குக் கடன் அளவுதான் பெரும்பாலும் காரணம். பைக்கில் கிராமத்துக்குப் போய், குழுவை உட்கார வைத்து, தவணையை எண்ணி வாங்கி, அட்டையில் பதிந்துவிட்டு வரும் களப்பணியாளருக்கு 8,000 ஆனாலும் 40,000 ஆனாலும் அலைச்சல் ஒன்றுதான். வகுக்கும் தொகை சிறிது, விகிதம் எகிறுகிறது.

அப்புறம், ஒன்றைச் சரிபாருங்கள். இரண்டில் ஏதாவது தன் கடன்களை வங்கிக்கு விற்றுவிட்டு வசூலை மட்டும் பார்த்துக்கொள்கிறதா? இந்தியாவில் இது சகஜம். விற்ற கடன் இருப்புநிலைக் குறிப்பில் (பேலன்ஸ் ஷீட்) இருக்காது; ஆனால் அதன் வசூல் செலவு நிறுவனத்தின் செலவுக் கணக்கில் இருக்கும். அதனால் வகுக்கும் தொகையாக, விற்றதையும் சேர்த்து நிர்வகிக்கும் மொத்தக் கடனை, ஆண்டுத் தொடக்கம், முடிவு இரண்டின் சராசரியாக எடுங்கள். கடனாளி எண்ணிக்கையிலும் விற்ற கடன்களின் கடனாளிகளைச் சேருங்கள்.

ஆளுக்குச் செலவு குறைவு என்றதும் பாராட்டிவிடவும் வேண்டாம். ஒரே களப்பணியாளர் தலையில் ஏகப்பட்ட பேரைக் கட்டினாலும் அது குறையும். 30 நாளுக்கு மேல் தவணை தவறிய கடன்களின் நிலுவையையும், கணக்கிலிருந்து நீக்கிய வாராக் கடனையும் பக்கத்தில் வைத்தே படியுங்கள்.