ரஷ்ய மொழியைச் சொந்தமாகக் கற்பவர் எதற்குப் பணம் கொடுக்கலாம்?

கேள்வி: கோயம்புத்தூரில் கணக்காளராக வேலை செய்கிறேன். ரஷ்யக் கதைகளை மூலத்திலேயே படிக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. '30 நாளில் சரளமாகப் பேசலாம்' என்று ஓர் இணையப் பயிற்சியின் விளம்பரம் அடிக்கடி வருகிறது. கட்டணம் 18,000 ரூபாய். எல்லாச் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே அச்சிட்ட கையேடு ஒன்றும் தருகிறார்கள். சேரலாமா? அல்லது வீட்டிலிருந்தே சொந்தமாகக் கற்றுக்கொள்ள முடியுமா?

பதில்: சேராதீர்கள். சொந்தமாகக் கற்க முடியும். ஆனால் 30 நாளில் முடியாது, யாராலும் முடியாது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசும் தன் அதிகாரிகள் ரஷ்ய மொழியில் பணியாற்றும் அளவுக்குத் தேறச் சுமார் 1,100 வகுப்பு மணி நேரம் ஆகும் என்று கணக்கு வைத்திருக்கிறது. தினம் ஒரு மணி நேரம் என்றால் மூன்று ஆண்டுகள். உங்கள் தொழிலே கணக்கு. விளம்பரத்தின் 30 நாளை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு மாதம் ஒழுங்காக உழைத்தால் 33 எழுத்துகளையும் தடுமாறாமல் படிக்கலாம், தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளலாம், கடையில் விலை கேட்கலாம். அதுவே நல்ல தொடக்கம்தான். அதற்கு 18,000 ரூபாய் தேவையில்லை.

தமிழ் எழுத்தில் அச்சிட்ட கையேட்டைப் பற்றி எனக்கு இன்னும் கடுமையான கருத்து உண்டு. அது இலவசமாகக் கிடைத்தாலும் ஒதுக்கிவையுங்கள். 'வீடு' என்று பொருள்படும் ரஷ்யச் சொல்லையும், நூலின் 'தொகுதி' என்று பொருள்படும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'தோம்' ஆகிவிடும். ரஷ்யருக்கு முதல் ஒலி இரண்டிலும் வேறு. ஒரே மெய் வன்மையாகவும் மென்மையாகவும் இரு விதமாக ஒலிப்பது அம்மொழியின் அடிப்படை. அதைக் காட்டவும் நம் எழுத்தில் வழியில்லை. தமிழ் எழுத்தை ஊன்றுகோலாகப் பிடித்தவர்கள் ஆறு மாதம் கழித்தும் ரஷ்ய எழுத்தைக் கண்டால் தயங்குவார்கள். எழுத்துகளைக் கற்க இரண்டு வாரம் போதும். ஆங்கில 'எச்' வடிவம் அங்கே 'ந்', 'சி' வடிவம் 'ஸ்', 'ஒய்' வடிவம் 'உ' என்பது போன்ற குழப்பங்கள் முதல் வாரத்தோடு தீர்ந்துவிடும். கையெழுத்து வடிவம் அச்சிலிருந்து விலகிப் போவதால் (கையால் எழுதும் 'த்' ஆங்கிலச் சிறிய 'எம்' போலவே இருக்கும்) அதையும் சேர்த்தே எழுதிப் பழகுங்கள்.

எதை வாங்கலாம் என்றால், ஒரே ஒரு நல்ல பாடநூல். கடையில் அதைப் பிரித்தவுடன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஒவ்வொரு சொல்லிலும் அழுத்தக் குறி அச்சாகியிருக்கிறதா என்பது முதலாவது. ரஷ்ய நாளிதழ்களிலும் கதை நூல்களிலும் அந்தக் குறி இருக்காது. ஆனால் அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்று தெரியாமல் சொல்லைச் சரியாக ஒலிக்க முடியாது. பாலுக்கான சொல்லை எழுதுவது 'மொலோகோ', சொல்வது 'மலகோ'. அழுத்தம் கடைசி அசையில், அதனால் மற்ற 'ஒ'க்கள் 'அ'வாகத் தேய்கின்றன. கற்பவருக்கான நூலில் குறி இல்லையென்றால் அந்த நூலை அங்கேயே வைத்துவிடுங்கள். அடுத்து, பயிற்சிகளுக்குப் பின்பக்கத்தில் விடை இருக்க வேண்டும். ஆசிரியர் இல்லாமல் படிப்பவருக்குத் திருத்தித்தர வேறு யார் இருக்கிறார்கள்? மூன்றாவது, ஒலிப்பதிவு. அதைத் தரவிறக்கும் இணைப்பு இன்னும் வேலை செய்கிறதா என்று பணம் கொடுக்கும் முன்பே சோதியுங்கள்.

விடைகள் ஏன் அவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். ரஷ்ய மொழியில் ஆறு வேற்றுமைகள். 'வீட்டை, வீட்டுக்கு, வீட்டில்' என்று பிறந்ததிலிருந்து பேசும் நமக்கு வேற்றுமை என்ற எண்ணமே புதிதல்ல; ஆங்கிலேயரை அச்சுறுத்தும் இந்த இடத்தில் நாம் ஒரு படி முன்னே நிற்கிறோம். ஆனால் 'பெரிய வீட்டில்' என்னும்போது நம் 'பெரிய' மாறுவதில்லை. அங்கே பெயரடையும் பால், எண், வேற்றுமை மூன்றுக்கும் ஏற்ப மாறும். வினைச்சொற்கள் செயல் முடிந்ததா, முடியாததா என்பதைக் காட்ட இணை இணையாக வரும். நடந்து போவதற்கு ஒரு வினை, வண்டியில் போவதற்கு வேறு வினை. ஒரு முறை ஒரு திசையில் போவதற்கும், வழக்கமாகப் போய் வருவதற்கும் இன்னும் வேறு. இவற்றை விளக்கம் படித்து மட்டும் கற்க முடியாது. நூற்றுக்கணக்கான வாக்கியங்களை எழுதி, பிழையை உடனே கண்டு திருத்தித்தான் கைக்கு வரும்.

மற்றவற்றுக்குச் செலவே வேண்டாம். மாஸ்கோவிலுள்ள புஷ்கின் ரஷ்ய மொழி நிறுவனம் வெளிநாட்டவருக்காகத் தன் இணையதளத்தில் இலவசப் பாடங்களை வைத்திருக்கிறது. ஒரு சொல்லின் எல்லா வடிவங்களையும் அழுத்தக் குறியுடன் ஆங்கில விக்சனரி என்னும் இணைய அகராதியில் பார்க்கலாம். ஒரு சொல்லை ரஷ்யர்கள் சொல்லிக் கேட்க ஃபோர்வோ தளம் இருக்கிறது. ரஷ்ய விசைப்பலகை உங்கள் கைபேசியிலேயே உண்டு.

மிச்சப்படும் பணத்தை ஒரு மனிதருக்குக் கொடுங்கள். எழுத்துகளும் முதல் சில பாடங்களும் முடிந்தபின், வாரம் ஒரு வகுப்பு, உங்கள் உச்சரிப்பைக் கேட்டுத் திருத்துகிற, நீங்கள் எழுதிய பத்து வரியைத் திருத்துகிற ஓர் ஆசிரியர் போதும். வகுப்புக்கு இவ்வளவு என்று கொடுங்கள். ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாக முன்பணமாகத் தராதீர்கள். சொந்தமாகக் கற்பவரின் பெரிய ஆபத்து, தவறான ஒலி வாயில் படிந்துவிடுவது. அதை எந்தப் புத்தகமும் திருத்தாது.

கேள்வி: பழைய புத்தகக் கடையில் சோவியத் காலத்து ரஷ்யப் பாடநூல் ஒன்று 80 ரூபாய்க்குக் கிடைத்தது. கெட்டி அட்டை, அருமையான படங்கள். இதை வைத்துப் படிக்கலாமா?

பதில்: தாராளமாக, ஆனால் துணைநூலாக. ரஷ்ய எழுத்துமுறையின் பெரிய சீர்திருத்தம் 1918-இல் நடந்தது. ஆகவே உங்கள் நூலின் எழுத்தும் இலக்கணமும் இன்றும் செல்லும். அக்கால நூல்களில் இலக்கண அட்டவணைகளும் பயிற்சிகளும் மிகுந்த அக்கறையுடன் அமைந்திருக்கும், அந்த உழைப்பு மதிக்கத்தக்கது. பழசாகிப்போனது வாழ்க்கை. எதிரில் இருப்பவரையெல்லாம் 'தோழர்' என்று அழைக்கச் சொல்லித்தரும் உரையாடல்களை இன்றைய மாஸ்கோவில் பயன்படுத்த வேண்டாம். மரியாதைக்குரியவரை அவருடைய பெயரோடு தந்தைவழிப் பெயரையும் சேர்த்து அழைப்பது வழக்கம். நூலோடு வந்த இசைத்தட்டுகள் கடையில் கிடைத்திருக்காது, எனவே ஒலிக்கு வேறு வழி தேடுங்கள்.

கேள்வி: மொழி கற்பிக்கும் செயலி ஒன்றில் ஏழு நாள் இலவசம் என்று சேர்ந்தேன். பிடிக்கவில்லை, கைபேசியிலிருந்து நீக்கிவிட்டேன். ஆனாலும் ஆண்டுச் சந்தா பிடித்துக்கொண்டார்கள். என்ன செய்வது?

பதில்: செயலியை நீக்குவதும் சந்தாவை ரத்து செய்வதும் வேறு வேறு. உடனே உங்கள் ப்ளே ஸ்டோர் கணக்கில் சந்தாக்கள் பகுதிக்குப் போய் ரத்து செய்யுங்கள். வங்கியிலோ யூபிஐ செயலியிலோ தானியங்கிப் பற்றுக்கான அனுமதியையும் நீக்குங்கள். பிறகு பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதுங்கள். தாமதித்தால் வாய்ப்புக் குறையும், இன்றே செய்யுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, இத்தகைய பற்றுக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே உங்களுக்கு அறிவிப்பு வர வேண்டும். வந்ததா என்று குறுஞ்செய்திகளைத் தேடிப் பாருங்கள்; வரவில்லையென்றால் அதை வங்கிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ரத்து செய்யும் வழியையே ஒளித்துவைத்திருந்தால், அது 2023 நவம்பரில் மத்திய அரசு தடைசெய்த ஏமாற்று வடிவமைப்புகளுள் ஒன்றான சந்தாப் பொறி. கைபேசித் திரையைப் படம் (ஸ்கிரீன்ஷாட்) எடுத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.

கேள்வி: என் மகள் ரஷ்யாவில் எம்.பி.பி.எஸ். படிக்கப் போகிறாள். முகவர், 'ரஷ்ய மொழிச் சான்றிதழ் கட்டாயம், எங்களிடமே 60,000 ரூபாய் கட்டிப் படிக்க வேண்டும்' என்கிறார். உண்மையா?

பதில்: 'கட்டாயம்' என்பதைப் பல்கலைக்கழகமே சொல்லட்டும். முகவர் வழியாக இல்லாமல், பல்கலைக்கழகத்தின் அயல்நாட்டு மாணவர் பிரிவுக்கு நீங்களே மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள். ரஷ்ய வழியில் பட்டம் படிக்கப் போகிறவர்களிடம் பொதுவாக பி1 என்னும் இடைநிலைத் தேர்ச்சி எதிர்பார்க்கிறார்கள். அதற்குச் சுமார் 2,300 சொற்கள் தெரிய வேண்டும். உங்கள் மகள் அந்த வழியில் படிக்கக் கூடாது என்பதே இங்கு முக்கியம். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி, வெளிநாட்டு மருத்துவப் பட்டம் இந்தியாவில் செல்லப் படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும், ஆங்கில வழியில் இருக்க வேண்டும், அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். சில இடங்களில் முதல் சில ஆண்டுகள் ஆங்கிலத்திலும் பிறகு ரஷ்ய மொழியிலும் கற்பிப்பார்கள். 60,000 ரூபாயை விடப் பெரிய ஆபத்து இதுதான். 'முழுப் படிப்பும் ஆங்கிலத்தில்' என்று பல்கலைக்கழகத்தின் கடிதம் கையில் வராமல் எந்தக் கட்டணமும் கட்டாதீர்கள்.

மொழி கற்பது வேறு விஷயம், அதை அவள் கற்கத்தான் வேண்டும். வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் மருத்துவமனைப் படுக்கையில் இருக்கும் நோயாளி ரஷ்ய மொழியில்தான் பேசுவார். 'எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து' என்று கேட்டு, பதிலைப் புரிந்துகொள்ளத் தெரியாத மாணவி நோயாளியிடமிருந்து என்ன கற்பாள்? கிளம்பும் முன் எழுத்துகளும், சுமார் 780 சொற்கள் கொண்ட ஏ1 என்னும் தொடக்க நிலையும் முடித்துவிட்டால் அங்கே நடக்கும் மொழி வகுப்புகள் அவளுக்கு எளிதாகும். முதல் கேள்விக்குச் சொன்ன பாடநூலும் வார வகுப்புமே இதற்குப் போதும். சென்னையில் இருப்பவரானால் ஆழ்வார்பேட்டையிலுள்ள ரஷ்ய மாளிகையில் நடக்கும் மொழி வகுப்புகளையும் விசாரியுங்கள்.

ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால் ரசீது, வாட்ஸப் செய்திகள், விளம்பரத்தின் நகல் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டு முகவருக்கு விரைவுத் தபால் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை.