நாய் இருக்கும் வீட்டுக்குப் பூனையோடு குடிபோகும்போது

மடிப்பாக்கம் வாசகி ஒருவர் தை மாதம் திருமணமாகிப் போரூரில் உள்ள கணவர் வீட்டுக்குக் குடிபோகிறார். அவருடைய ஐந்து வயதுப் பூனையும் உடன் போகிறது. அங்கே மூன்று வயது நாட்டு நாய் இருக்கிறது. இரண்டையும் ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்தினால் ஒரே நாளில் பழகிவிடும் என்று சொல்லும் பயிற்சியாளர் ஒருவர் முன்பணம் கேட்கிறாராம். கொடுக்கலாமா என்பது கேள்வி.

ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். தப்ப வழியில்லாத பூனை பிறாண்டினால் நாயின் கருவிழியில் புண்ணாகும். நாய் கவ்வி உதறினால் பூனை பிழைப்பது அரிது. அதன்பின் இரண்டும் மூலைக்கொன்றாக அடங்கிக் கிடப்பதைத்தான் இவர்கள் பழக்கம் என்று காட்டுகிறார்கள். அது பலிக்காவிட்டால் மின்னதிர்ச்சிப் பட்டையை நாயின் கழுத்தில் மாட்டுவார்கள். பூனையைக் காணும்போதெல்லாம் வலித்தால், வலிக்குக் காரணம் பூனைதான் என்றே நாய் கற்றுக்கொள்ளும். நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்கும் 2017இலும், செல்லப்பிராணிக் கடைகளுக்கு 2018இலும் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. வீட்டுக்கு வந்து பழக்குகிறவர் மட்டும் விசிட்டிங் கார்டு அடித்த அன்றே நிபுணராகிவிடுகிறார், கேட்பாரில்லை.

இந்த வேலையை நீங்களே செய்யலாம். கல்யாண வீட்டுக் கூட்டம் கலைந்த பிறகே பூனையைக் கொண்டுபோங்கள். ஓர் அறையை அதற்கென ஒதுக்கி, துவைக்காத பழைய விரிப்பு, மணல் தட்டு, தண்ணீர், ஏறி உட்கார பீரோவின் மேல் இடம் ஆகியவற்றைக் கொடுங்கள். புறாவுக்காகக் கட்டிய பால்கனி வலையை நம்பாதீர்கள். மிரண்ட பூனை அதன் ஓர இடுக்கில் புகுந்துவிடும். முதல் வாரம் கதவு மூடியே இருக்கட்டும். இரண்டும் படுத்த துணிகளை இடம் மாற்றிப் போட்டு, மூடிய கதவின் இருபுறமும் உணவு வைத்து, நாளுக்கு நாள் தட்டுகளைக் கதவருகே நகர்த்துங்கள். இரண்டும் பதற்றமின்றி உண்ணத் தொடங்கிய பிறகு இரும்பு வலைக் கதவு வழியாகப் பார்க்கவிடலாம். நைலான் கொசுவலை நாய்க்குத் தாங்காது. அடுத்ததாக, நடைக்குப் போய்க் களைத்து வந்த நாயைக் கயிற்றில் பிடித்தபடி சில நிமிடங்கள் ஒரே அறையில் இருத்தி, அது பூனையிடமிருந்து பார்வையைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் தின்பண்டம் கொடுங்கள். நாய் குரைப்பதைவிட, வாயை மூடி உடல் விறைத்து இமைக்காமல் பார்ப்பதுதான் ஆபத்து. அப்போது முந்தைய படிக்குத் திரும்புங்கள். இதற்கு வாரங்கள் ஆகும், சில வீடுகளில் மாதங்களும் ஆகும். பூனை ஒரு நாளுக்கு மேல் எதையும் உண்ணாவிட்டால் கல்லீரல் கெடக்கூடும் என்பதால் காத்திராமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. அந்த நாய் எப்போதாவது பூனையைக் கொன்றிருக்கிறதா என்று கணவரிடம் நேராகக் கேளுங்கள். "சும்மா விளையாட்டுக்குத் துரத்தும்" என்ற பதிலை ஏற்காதீர்கள், துரத்தியபின் என்ன செய்தது என்று கேளுங்கள். கொன்றிருந்தால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. இரண்டும் காலம் முழுவதும் தனித்தனி அறையில் இருக்க வேண்டும், அல்லது பூனை உங்கள் அம்மா வீட்டிலேயே இருக்க வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களின் கலப்பாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை. அவை முயல் துரத்துவதற்கென்றே வளர்க்கப்பட்டவை என்பதால், பூனை உட்கார்ந்திருக்கும்வரை சாதுவாக இருக்கும் நாய் அது ஓடியதும் பின்னாலேயே பாயும். அத்தகைய நாய் பல மாதங்கள் ஒழுங்காக இருந்தாலும் ஆளில்லாத நேரத்தில் இரண்டையும் ஒன்றாக விடாதீர்கள்.

உண்ணி மருந்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நாயின் முதுகில் விடும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது. பூனைக்கு அது நஞ்சு, வலிப்பு வந்து சாகவும் கூடும். மருந்து காயாத நாயோடு உரசினாலும் ஆபத்துதான். இரண்டுக்கும் ஒரே மருந்து போதும் என்று கடைக்காரர் எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். வீட்டில் பூனை இருப்பதைச் சொல்லிக் கால்நடை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள்.