உளவாளி வேறு, துப்பறிவாளர் வேறு

அன்புள்ள ஐயா, வணக்கம். சென்ற மாதம் நீங்கள் எழுதிய சிறுகதையில், ஈப்போவில் தனியார் துப்பறியும் நிறுவனத்தில் வேலை செய்கிறவரை மூன்று இடத்தில் 'உளவாளி' என்று சொல்லியிருக்கிறீர்கள். என் மகன் அப்படியொரு நிறுவனத்தில் ஆறு வருடமாக இருக்கிறான். காப்புறுதி மோசடி, காணாமல் போனவர்கள், கடனைக் கட்டாமல் வீடு மாறிப் போனவர்கள் என்று தேடி அலைகிற வேலை. போன வருடம் ஒரு பெண் வீட்டில், "மாப்பிள்ளை வேவு பார்க்கிறவராமே" என்று சொல்லிப் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நீங்களும் அப்படி எழுதலாமா? தமிழில் இவர்களை எப்படித்தான் சொல்வது?
ஒரு தாய், சுங்கை சிப்புட்

அன்புள்ள அம்மா,

தவறு என்னுடையதுதான். மன்னித்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று இடத்தையும் நேற்றே திருத்திவிட்டேன். ஆனால் நீங்கள் கேட்டதற்கு அது மட்டும் போதாது. நானும் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பிறந்தவன். இந்தச் சொற்கள் நம் வீடுகளில் ஏன் இப்படிக் கசக்கின்றன என்று எனக்குத் தெரியும்.

1948 ஜூன் 16-ஆம் தேதி நம் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டி வந்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு யார் அரிசி கொடுக்கிறார்கள் என்று போலீசுக்குச் சொல்ல ஆள் இருந்தது, சொன்னால் வெகுமதியும் இருந்தது. சொன்னதாகச் சந்தேகம் வந்தாலே காட்டிலிருந்து வந்து கொன்றும் போட்டார்கள். அதற்கு முன்னால் ஜப்பான்காரன் காலத்திலும் காட்டிக்கொடுத்தவர்களால் அழிந்த குடும்பங்கள் உண்டு. வெளியாள் யாராவது நாங்கள் இருந்த தோட்டத்து வீட்டு வரிசைக்கு, லயத்துக்கு வந்து பேர் சொல்லி விசாரித்தால், "சி.ஐ.டி.யா இருக்கும், உள்ளே வாங்க" என்று பாட்டி எங்களை இழுத்துக்கொள்வார். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிற இடத்திலும் அப்படித்தான், வேலையை மேற்பார்க்கிற தண்டலிடம் கோள் சொல்கிறவன் எவன் என்ற பயம் எப்போதும் இருக்கும். இத்தனையும் சேர்ந்துதான் 'வேவு' என்ற சொல்லில் வந்து உட்கார்ந்திருக்கிறது. பெண் வீட்டாரின் பயம் அங்கிருந்து வந்தது என்றே நினைக்கிறேன். அதற்கும் உங்கள் மகன் செய்கிற வேலைக்கும் சம்பந்தமில்லை.

ஒற்றர், உளவாளி இரண்டுமே அரசுக்கு வேலை செய்கிறவர்களுக்கான சொற்கள். "ஒற்றும் உரைசான்ற நூலும் இவையிரண்டும் தெற்றென்க மன்னவன் கண்" என்கிறது குறள். ஒற்று மன்னவனுடைய கண். மலாய்க்காரர்கள் முன்பு போலீசை மாத்தா-மாத்தா என்றதும் கண்ணை வைத்துத்தான். சாதாரண உடுப்பில் வருகிறவர் மாத்தா-மாத்தா கெலாப், அதாவது இருட்டு மாத்தா. அமெரிக்காவில் ஆலன் பிங்கர்டன் 1850-இல் தொடங்கிய தனியார் நிறுவனம் திறந்த கண் ஒன்றையே சின்னமாக வைத்துக்கொண்டது. ஆங்கிலத்தில் 'பிரைவேட் ஐ' என்ற பேர் அதிலிருந்து வந்தது என்பார்கள்.

அங்கே இன்னொரு பேரும் உண்டு: கம்ஷூ. ரப்பர் அடி வைத்த சப்பாத்து போட்டால் நடக்கிற சத்தம் கேட்காது, அதனால் துப்பறிகிறவருக்கு அந்தப் பேர் வந்தது. இதை முதலில் படித்த அன்று, விடியற்காலை வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போன என் அப்பாவின் கால்களைத்தான் நினைத்துக்கொண்டேன். அந்தச் சொல் பிறந்தபோது உலகத்தின் ரப்பரில் பெரும்பகுதி அமேசான் காட்டிலிருந்து போனது, நம் பாட்டன்மார் வெட்டிய பால் பிறகுதான் போய்ச் சேர்ந்தது. இருந்தாலும் அந்தச் சொல்லில் பால்மர வாசனை எனக்கு அடிக்கத்தான் செய்கிறது.

சரி, தமிழில் எது? என் முடிவு 'தனியார் துப்பறிவாளர்'. புலனாய்வாளர் தவறில்லை, ஆனால் கேட்டவுடன் போலீசும் அரசாங்கமும் நினைவுக்கு வருகின்றன. துப்பு என்றால் தடயம். அதே துப்புக்குத் திறமை என்ற பொருளும் உண்டு, "துப்பில்லாதவன்" என்று திட்டுகிறோமே, அந்தத் துப்பு. ஒருவரைச் சிக்கவைப்பது இந்தச் சொல்லில் இல்லை. தெரியாத ஒன்றைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் இருக்கிறது. நம் மலேசியாவில் இந்தத் தொழிலுக்கு 1971-ஆம் ஆண்டுத் தனியார் ஏஜென்சிகள் சட்டம் இருக்கிறது. உரிமம் இல்லாமல் நிறுவனம் நடத்த முடியாது. போலீசுக்குள்ள அதிகாரம் எதுவும் இவர்களுக்குக் கிடையாது. உளவாளிக்கு யார் உரிமம் கொடுத்துப் பலகை மாட்டச் சொல்கிறார்கள்?

அப்புறம், கல்யாண விஷயம். மலாய் வீடுகளில் பெண் கேட்பதற்கு முன்னால் போய்ப் பார்த்து விசாரித்து வருவதை 'மெரிசிக்' என்பார்கள். உளவாளிக்கு மலாயில் 'பெரிசிக்'. இரண்டுக்கும் வேர் ஒன்றே. நாமும் பையன் குடிப்பானா, சம்பளம் எவ்வளவு என்று கடைக்காரரிடமும் கூட வேலை செய்கிறவரிடமும் கேட்கிறோம். உங்கள் மகனைப் பற்றியும் அந்த வீட்டார் அப்படித்தான் கேட்டிருப்பார்கள். அது தப்பே இல்லை, பெண்ணைப் பெற்றவர்கள் கேட்கத்தான் வேண்டும். அடுத்த முறை ஒரு வீட்டில் பேச்சு வந்தால், தேடிக் கொண்டுவந்து சேர்த்த ஆட்களில் ஒருவரைப் பற்றி, பேர் சொல்லாமல், தம்பியையே சொல்லச் சொல்லுங்கள்.

கதை புத்தகத்தில் சேரும்போதும் 'துப்பறிவாளர்' என்றே இருக்கும். அச்சுக்குப் போவதற்கு முன்னால் அந்தப் பக்கங்களை உங்களுக்கு அனுப்புகிறேன். தம்பியும் ஒருமுறை படித்துப் பார்த்து, வேலையைப் பற்றி நான் வேறு எங்காவது தவறாக எழுதியிருந்தால் சொல்லட்டும்.