நதிக் கப்பல் பயணத்துக்கு எந்த லென்ஸ்? (கேள்வி-பதில்)

கேள்வி: ரைன் நதியில் ஒரு வாரக் கப்பல் பயணம் போகிறோம். என்னிடம் இருப்பது ஏ.பி.எஸ்.-சி சென்சார் கேமராவும் அதோடு வந்த 18-55 கிட் லென்ஸும்தான். இயற்கைக் காட்சிக்கு 10-20 போன்ற அல்ட்ரா வைடு வேண்டும் என்கிறார் ஒருவர். மலைமேல் இருக்கும் கோட்டைகளுக்கு 70-300 வாங்கு என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

பதில்: முதல் லென்ஸாக வாங்க இரண்டுமே வேண்டாம். (இந்த எண்கள் லென்ஸின் குவியத்தூரம், மி.மீ.-யில். எண் சிறிதானால் காட்சி அகலும், பெரிதானால் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்.)

நிலத்தில் நின்று படம் எடுப்பவர் நான்கு அடி முன்னே போவார், பாறை ஒன்றை முன்னால் வைத்துச் சட்டகத்தை அமைப்பார். கப்பலில் அது நடக்காது. தூரத்தைக் கப்பல்தான் முடிவு செய்கிறது. உங்கள் கையில் இருப்பது ஜூம் வளையம் மட்டும். அதனால் எவ்வளவு அகலம் என்பதைவிட, எந்தத் தூரத்திலிருந்து எந்தத் தூரம்வரை ஒரே லென்ஸ் சமாளிக்கும் என்பதே கேள்வி.

கணக்கு எளிது. ஏ.பி.எஸ்.-சி சென்சாரின் அகலம் சுமார் 23.5 மி.மீ. (கேனனில் கொஞ்சம் குறைவு). காட்சி இருக்கும் தூரத்தை 23.5-ஆல் பெருக்கி, லென்ஸின் மி.மீ. எண்ணால் வகுத்தால், சட்டகத்துக்குள் எத்தனை மீட்டர் அகலம் அடங்கும் என்று தெரிந்துவிடும். 300 மீட்டர் தொலைவில் 40 மீட்டர் அகலமுள்ள கோட்டை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 10 மி.மீ.-யில் சட்டகத்தில் 705 மீட்டர் அடங்கும். கோட்டை ஒரு புள்ளி. கீழ்ப்பாதி முழுக்கத் தண்ணீர், மேல்பாதி வானம். 55-இல் 128 மீட்டர், அதாவது கோட்டை சட்டகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 135-இல் 52 மீட்டர். கோட்டையும் அதன் அடியில் இருக்கும் திராட்சைச் சரிவில் கொஞ்சமும் சேர்ந்து நிறைவாக வரும்.

அப்படியானால் 70-300 ஏன் கூடாது? ரைனில் கோட்டைகள் அதிகம் வரும் பகுதி பிங்கனுக்கும் கோப்லென்ஸுக்கும் இடைப்பட்ட சுமார் 65 கி.மீ. பள்ளத்தாக்கு. 2002-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இடம். அங்கே ஆறு குறுகலானது, கரை பக்கத்திலேயே வரும். காவுப் என்ற ஊருக்கு எதிரே ஆற்றின் நடுத்தீவில் ஃபால்ஸ் கோட்டை நிற்கிறது. கப்பல் அதை ஒட்டித்தான் கடக்கும். அப்போது 70 மி.மீ.-யில் தொடங்கும் லென்ஸ் கையில் இருந்தால் கோட்டையின் ஒரு துண்டுதான் கிடைக்கும். லென்ஸ் மாற்றக் குனிந்து நிமிர்வதற்குள் கோட்டை பின்னால் போயிருக்கும்.

உங்களுக்கு ஏற்றது 18-இல் தொடங்கி 135, 140 அல்லது 150-இல் முடியும் ஒரே ஜூம். சோனியில் 18-135 (325 கிராம்), கேனன் ஆர்.எஃப்.-எஸ் 18-150 (310 கிராம்), நிக்கான் இசட் டி.எக்ஸ் 18-140 (315 கிராம்). ஃபியூஜிஃபில்மில் 16-80 எஃப்/4 (எஃப் எண் லென்ஸின் துவார அளவு; எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம்): தொலைவில் கொஞ்சம் குறையும், அகலத்தில் கூடும். ஃபுல் ஃபிரேம் (ஏ.பி.எஸ்.-சியைவிடப் பெரிய சென்சார்) வைத்திருப்பவர்கள் 24-105 எஃப்/4 அல்லது நிக்கானின் 24-120 எஃப்/4 பக்கம் போகலாம். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் (ஏ.பி.எஸ்.-சியைவிடச் சிறிய சென்சார்) ஓ.எம். சிஸ்டத்தின் 12-100 எஃப்/4 இந்த வேலைக்கென்றே செய்தது போல இருக்கும்.

18-55-ஐ விற்றுவிட வேண்டாம், மாற்றாக இருக்கட்டும். ஆனால் கேமராவோடு வந்த லென்ஸ் 18-55 அல்லாமல், சிலருக்கு வருவது போல மின்சார மோட்டாரில் நீண்டு சுருங்கும் 16-50 வகை என்றால் அதை நம்பிக் கப்பலேறாதீர்கள். கேமராவை ஆன் செய்ததும் அது வெளியே நீண்டு, பிறகு மெதுவாக ஜூம் ஆகும்போது வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

கேள்வி: அதற்குப் பதில் 18-300 வாங்கினால் எல்லாம் ஒன்றிலேயே முடிந்துவிடுமே?

பதில்: முடியும், பறவைகளும் எடுப்பதாக இருந்தால். காட்சிகளுக்கு மட்டும் என்றால் அந்தக் கடைசி 150 மி.மீ.-க்காக நிறையக் கொடுக்கிறீர்கள். டாம்ரான் 18-300-இன் எடை 620 கிராம், 18-135-ஐப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நீண்ட முனையில் துவாரம் எஃப்/6.3 ஆகிவிடும், மேகமூட்ட நாளில் ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளி உணர்திறன்) ஏறும். 300 மி.மீ.-யில் நீங்கள் எடுக்கப்போவது பெரும்பாலும் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவை. இடையில் உள்ள காற்றில் ஈரமும் வெப்ப அலையும் மிதக்கும். படம் சோப்பு நீரில் அலசியது போல வெளுத்து நெளியும். அதற்கு லென்ஸைக் குறை சொல்வார்கள். எந்த விலை லென்ஸும் அந்தக் காற்றை விலக்காது.

கேள்வி: போன முறை ஒரு படகுப் பயணத்தில் எடுத்த படங்களில் மலை தெளிவாக இருக்கிறது, ஆனால் கரையோர மரங்கள் இழுபட்டது போல இருக்கின்றன. லென்ஸில் ஸ்டெபிலைசர் இருந்தது, ஆன் செய்துதான் இருந்தது. லென்ஸ் பழுதா?

பதில்: லென்ஸ் நன்றாக இருக்கிறது. ஸ்டெபிலைசர் உங்கள் கை நடுக்கத்தை ஈடுகட்டும். நீங்கள் நிற்கும் தளமே நகர்வது அதன் கணக்கில் இல்லை.

எவ்வளவு இழுபடும் என்று பார்ப்போம். கப்பல் மணிக்கு 20 கி.மீ. போனால் அது வினாடிக்கு 5.6 மீட்டர். 50 மீட்டர் தள்ளி, நேர் பக்கவாட்டில் ஒரு மரம். லென்ஸ் 50 மி.மீ.-யில். சென்சார் மேல் அந்த மரத்தின் பிம்பம் வினாடிக்கு 5.6 மி.மீ. ஓடுகிறது. ஷட்டர் 1/250 வினாடி என்றால் அந்த நேரத்தில் 0.022 மி.மீ. நகர்ந்துவிடும். 24 மெகாபிக்சல் ஏ.பி.எஸ்.-சி சென்சாரில் ஒரு பிக்சல் சுமார் 0.004 மி.மீ. ஆக, மரம் ஐந்தாறு பிக்சல் இழுபட்டிருக்கிறது. 1/1000 வைத்தால் ஒன்றரைப் பிக்சல், கண்ணுக்குத் தெரியாது. மலை 500 மீட்டர் தள்ளி இருந்ததால் பத்தில் ஒரு பங்குதான் நகர்ந்தது, 1/250-இலேயே பிழைத்துவிட்டது. உங்கள் படத்தில் நடந்தது இதுதான்.

எனவே கரை பக்கத்தில் வரும்போது 1/1000, ஜூமை நீட்டினால் இன்னும் வேகம். தூரத்து மலைக்கு 1/250 போதும். கேமராவை ஷட்டர் முன்னுரிமையில் (எஸ், கேனனில் டி.வி.) வைத்து, ஐ.எஸ்.ஓ.-வைத் தானியங்கியில் விட்டு மேல் வரம்பு 3200 என்று கட்டிப்போடுங்கள். பகல் வெளிச்சத்தில் அது அவ்வளவு தூரம் ஏறவே ஏறாது. இயற்கைக் காட்சி என்றதும் எஃப்/16-க்குப் போகும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். 50 மீட்டருக்கு அப்பால் இருப்பதற்கெல்லாம் எஃப்/5.6 முதல் எஃப்/8 போதும்; ஏ.பி.எஸ்.-சியில் எஃப்/16-இன் சிறிய துவாரத்தில் ஒளி விளிம்பில் வளைவதால் (டிஃப்ராக்ஷன்) படம் கொஞ்சம் மழுங்கவும் செய்யும்.

செலவில்லாத வழி ஒன்றும் உண்டு. நேர் பக்கவாட்டில் எடுக்காமல், முன்பக்கமாகச் சாய்வாக 45 பாகையில் பார்த்து எடுத்தால், அதே கரை சென்சாரில் ஓடும் வேகம் பாதியாகக் குறையும். அதனால் முன்தளத்தில் நல்ல இடம் பிடிப்பது, ஒரு ஸ்டாப் வேகமான, அதாவது இரு மடங்கு வெளிச்சம் வாங்கும் லென்ஸ் வாங்கியதற்குச் சமம். வரப்போகும் காட்சியும் முன்கூட்டியே தெரியும்.

ட்ரைபாட் கொண்டுபோக வேண்டுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வேண்டாம். இன்ஜின் அதிர்வு தளத்திலிருந்து அதன் கால்கள் வழியாக நேரே கேமராவுக்கு ஏறும். முழங்கை, முழங்கால் எல்லாம் மடங்கும் மனித உடம்பு அந்த அதிர்வை விழுங்கிவிடும். கைப்பிடிக் கம்பியில் கேமராவைச் சாய்த்து வைப்பதும் இதே காரணத்தால் தப்பு.

கேள்வி: மாலை வெளிச்சத்துக்காக எஃப்/2.8 ஜூம் வாங்கலாமா?

பதில்: எஃப்/4-க்கும் எஃப்/2.8-க்கும் வித்தியாசம் ஒரே ஒரு ஸ்டாப். ஐ.எஸ்.ஓ. 3200-க்குப் பதில் 1600, அவ்வளவுதான். ஆனால் அகலத்தில் தொடங்கும் எஃப்/2.8 ஜூம்களில் பெரும்பாலானவை 70 மி.மீ.-யைத் தாண்டாது, இந்தப் பயணத்தில் அதிகம் தேவைப்படும் நீளத்தை இழக்கிறீர்கள். கை கொஞ்சம் தாராளம் என்றால் 23 அல்லது 35 மி.மீ. பிரைம் (ஜூம் இல்லாத லென்ஸ்) ஒன்று, எஃப்/1.8 அல்லது எஃப்/2, சட்டைப்பையில் இருக்கட்டும். சூரியன் மறைந்தபின் விளக்கு ஏற்றிய ஊரைக் கடக்கும்போது அது எஃப்/4 ஜூமைவிட நான்கைந்து மடங்கு வெளிச்சம் வாங்கும்.

கேள்வி: தண்ணீர் மினுமினுப்புக்கு போலரைசர் ஃபில்டர் அவசியம் என்கிறார்கள். அறைக்குள்ளிருந்து கண்ணாடி வழியாக எடுக்கவும் அது உதவுமா?

பதில்: முதல் கேள்விக்குப் பாதி ஆமாம். நீர்ப்பரப்பை ஏறக்குறைய 37 பாகைச் சாய்வில் பார்க்கும்போதுதான் போலரைசர் மினுமினுப்பை முழுதாக வெட்டும். மேல்தளத்தில் நின்று தூரத்து நீரைப் பார்க்கும் கோணம் இரண்டு மூன்று பாகைதான். அங்கே அதன் வேலை சொற்பம். கரையோர இலைகளின் பளபளப்பை நீக்கிப் பச்சையை ஆழமாக்குவதிலும், சூரியனுக்குக் குறுக்கே உள்ள வானத்தை அடர்த்தியாக்குவதிலும்தான் பலன். ஆனால் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை அது தின்னும். மேலே சொன்ன 1/1000-க்கு அது நேர் எதிரி. ஆறு வளையும்போதெல்லாம் சூரியனின் கோணம் மாறும், ஃபில்டரைத் திரும்பச் சுழற்ற வேண்டும். நண்பகலில் போடுங்கள், மாலையில் கழற்றிவிடுங்கள். கோட்டையின் நிழல் நீரில் விழும் காட்சிக்குப் போடவே போடாதீர்கள். அந்தப் பிரதிபலிப்பும் சேர்ந்து மங்கும்.

வாங்கும்போது லென்ஸின் முன்வளையத்தில் வட்டத்தில் கோடு போட்ட குறிக்குப் பக்கத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள், 55, 62, 67, 77 என்று இருக்கும். அதே அளவில் ‘சர்க்குலர்’ வகை.

கண்ணாடிக்கு வேண்டாம். கெட்டிப்படுத்திய கண்ணாடி வழியே போலரைசர் பார்த்தால் வானவில் பட்டைகள் தெரியும், படத்தில் அப்படியே வரும். அறை விளக்கை அணைத்துவிட்டு, லென்ஸ் முனையில் மாட்டும் ரப்பர் ஹூட் ஒன்றைக் கண்ணாடியில் லேசாக ஒட்டினாற்போல வையுங்கள். கடினமான பிளாஸ்டிக் ஹூடை அழுத்தினால் சன்னல் அதிர்வு லென்ஸுக்கு வரும்.

கேள்வி: பழைய லென்ஸ் வாங்குவதானால் எதைச் சோதிப்பது?

பதில்: முதலில் மவுண்ட், அதாவது லென்ஸைக் கேமராவில் மாட்டும் இணைப்பு. ஒரே பெயரில் டாம்ரான் போன்ற நிறுவனங்கள் சோனிக்கும் ஃபியூஜிக்கும் நிக்கானுக்கும் தனித்தனியாக விற்கின்றன. பெட்டியில் அல்ல, லென்ஸின் பின்புறத்தில் பாருங்கள். நிக்கானின் பழைய ஏ.எஃப்.-டி வகை லென்ஸ்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை; இசட் கேமராவில் எஃப்.டி.இசட் அடாப்டர் வழியே மாட்டினால் தானியங்கி ஃபோகஸ் வேலை செய்யாது.

பிறகு இரண்டு மூடியையும் கழற்றி, பின்னாலிருந்து செல்போன் டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். தூசி நான்கு இருந்தால் பரவாயில்லை. சிலந்தி வலை போல இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை, விட்டுவிடுங்கள். ஜூமை நீட்டி லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடியுங்கள். தானாக நழுவி இறங்கினால் வளையம் தளர்ந்திருக்கிறது. கடைசியாக ஒரு செங்கல் சுவருக்கு நேராக நின்று, அகல முனையிலும் நீள முனையிலும் எஃப்/5.6-இல் ஒவ்வொரு படம். நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். நான்கும் ஒரே அளவு மங்கல் என்றால் அது லென்ஸின் இயல்பு. ஒரு மூலை மட்டும் குழைந்திருந்தால் உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது, எங்கோ கீழே விழுந்த சரக்காக இருக்கலாம்.

கேள்வி: குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் பனிபிடித்துவிடுகிறது. துடைக்கலாமா?

பதில்: துடைத்தால் மறுபடி படியும், கூடவே கோடும் விழும். காட்சி வருவதற்கு அரை மணி நேரம் முன்பே, கேமராவைக் காற்றுப்புகாத ஜிப் பையில் அறைக்குள்ளேயே மூடி, பையோடு தளத்துக்குக் கொண்டுவாருங்கள். ஈரம் பையின் வெளிப்புறத்தில் படியும். பை தொட்டால் சில்லென்று இல்லாமல் ஆனபின் திறக்கலாம். குளிர்ந்த நிலையில் ஜூமை நீட்டிச் சுருக்க வேண்டாம். நீளும்போது ஈரக்காற்றை உள்ளே உறிஞ்சும், உட்கண்ணாடியில் படிந்த பனியை எந்தத் துணியும் எட்டாது.