1950களின் கார்வெட் (செவர்லே ஸ்போர்ட்ஸ் கார்) பாடியை சி5 கார்வெட் சேசிஸில் பொருத்த முடியுமா?

முடியும். ஆனால் பழைய பாடியை அப்படியே தூக்கி வைத்தால் உட்காராது. 1953-62 கார்வெட்டின் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான நீளம்) 102 அங்குலம். 1997-2004இல் வந்த ஐந்தாம் தலைமுறை கார்வெட்டான சி5-க்கு 104.5. இந்த இரண்டரை அங்குலத்தைக்கூடச் சமாளித்துவிடலாம், அகலம்தான் பெரிய தலைவலி. முன்சக்கரங்களின் இடைவெளி பழையதில் 57 அங்குலம், சி5-இல் 62. மட்கார்டை அகலப்படுத்தாமல் சக்கரம் உள்ளே அடங்காது. அதனால் இதற்கென்றே அகலமாக வார்த்த புது ஃபைபர் பாடியைப் போடுவதுதான் சரி. நல்ல நிலையில் இருக்கும் அசல் பாடியைத் தயவுசெய்து வெட்டாதீர்கள்.

சி5 இந்த வேலைக்கு நன்றாகப் பொருந்தும். பாரத்தைத் தாங்குவது அடியிலுள்ள எஃகுச் சட்டம்தான். வெளிப்பாகங்களைக் கழற்றினாலும் வண்டி ஓடும். அப்புறம், ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு), ஏர்பேக் வயரிங்கில் கை வைக்காதீர்கள்.