ஜெர்மனிக்குப் போகும் முன் பி.எஃப்., பென்ஷன் இரண்டையும் எடுத்துவிடலாமா?

கேள்வி: சென்னையில் இரண்டு நிறுவனங்களில் மொத்தம் 7 வருடம் வேலை பார்த்தேன். இப்போது மூனிச்சில் உள்ள ஜெர்மன் நிறுவனம் ஒன்றில் நேரடியாக வேலை கிடைத்திருக்கிறது. மூன்று வருடத்தில் திரும்பிவிடுவேன். பி.எஃப்., பென்ஷன் இரண்டையும் எடுத்துக் கணக்கை முடித்துவிடலாமா?

பதில்: பி.எஃப். பணத்தை எடுப்பது உங்கள் விருப்பம். பென்ஷன் பகுதியைத் தொடாதீர்கள்.

பென்ஷன் கணக்கிடப்படும் சம்பளத்துக்கு 15,000 ரூபாய் உச்சவரம்பு உண்டு. அதன்படி, இப்போது எடுத்தால் ஒரு லட்சத்துச் சொச்சம் கிடைக்கும். விட்டுவைத்தால் 58 வயதிலிருந்து மாதம் சுமார் 1,500 ரூபாய். தொகையை மட்டும் பார்த்தால் எடுப்பதுதான் லாபம். ஆனால் உங்கள் விஷயத்தில் பணத்தைவிட அந்த 7 வருடப் பதிவுக்குத்தான் மதிப்பு அதிகம்.

ஜெர்மனியில் சம்பளத்தில் 18.6 சதவீதம் ஓய்வூதியக் காப்பீட்டுக்குப் போகும். பாதி நீங்கள், பாதி நிறுவனம். 60 மாதக் கணக்கு இருந்தால்தான் ஓய்வூதியம். மூன்று வருடத்தில் திரும்பினால் கட்டியதைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் 24 மாதம் காத்திருக்க வேண்டும், வருவதும் உங்கள் பங்கு மட்டுமே. நிறுவனம் கட்டிய பாதி அங்கேயே நின்றுவிடும். 2017 மே மாதம் அமலுக்கு வந்த இந்திய-ஜெர்மனி சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இங்கேதான் கைகொடுக்கிறது. இந்தியப் பணிக்காலத்தையும் சேர்த்தால் அந்த 60 மாதம் நிறைவேறிவிடும். 67 வயதில் ஜெர்மனி ஓய்வூதியம் வரும். இங்கே பென்ஷனுக்குத் தேவையான 10 வருடத்துக்கும் அங்கே வேலை செய்த காலம் சேரும். அந்தந்த நாடு தன் காலத்துக்கான பங்கைத் தரும். பணத்தை எடுத்துவிட்டால் சேர்த்துக் காட்டக் காலமே இருக்காது.

ஆகவே பென்ஷன் பகுதிக்கான படிவம் 10சி-யில் பணம் கேட்காமல், பணிக்காலத்தைப் பதிவு செய்து தரும் ‘ஸ்கீம் சர்ட்டிஃபிகேட்’ கேளுங்கள்.

அதற்கு முன் யு.ஏ.என். (நிறுவனம் மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப். எண்) கணக்கில் பணி வரலாற்றைத் திறந்து பாருங்கள். முதல் நிறுவனத்தின் கணக்கு இரண்டாவதோடு சேர்ந்திருக்கிறதா? இல்லையென்றால் முதலில் மாற்றிவிடுங்கள், பி.எஃப். பணத்தை வரியில்லாமல் எடுக்க வேண்டிய 5 வருடக் கணக்குக்கும் அது வேண்டும். வேலையை விட்ட தேதி பதிவாகியிருக்கிறதா? ஆதார், பாஸ்போர்ட், பி.எஃப். மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா? ஒரு இனிஷியல் மாறியிருந்தால்கூட இப்போதே திருத்துங்கள். மூனிச்சில் உட்கார்ந்துகொண்டு பழைய நிறுவனத்தின் ஹெச்.ஆரைத் துரத்துவது பெரும்பாடு.

அப்புறம், ஆதாரோடு இணைத்த மொபைல் எண்ணை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள். ஓ.டி.பி. அதில்தான் வரும்.