காற்று இல்லாத கணக்கு: கோர்த்தேஸ் கடல் கயாக் கேள்வி-பதில்

இந்த முறை வந்தவை எல்லாம் மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா தீபகற்பம் பற்றிய கேள்விகள். அதன் கிழக்கே இருக்கும் கலிபோர்னியா வளைகுடாவுக்குத்தான் கோர்த்தேஸ் கடல் என்று இன்னொரு பெயர். லொரேத்தோ ஊரில் கிளம்பி, பாலைக் கரையோரமாகவே தெற்கே லா பாஸ் வரை கயாக்கில், அதாவது ஒடுங்கிய துடுப்புப் படகில், போகும் அந்தப் பயணம்.

கேள்வி: பிள்ளைகளுக்கு ஜூலையில்தான் விடுமுறை. அப்போது போகலாமா?

வேண்டாம். நிழலிலேயே 40 டிகிரி அடிக்கும். கடல் நீரும் 30-ஐத் தொடும். குதித்தாலும் உடம்பு குளிராது. போதாக்குறைக்குப் புயல் பருவம் வேறு. அக்டோபர் கடைசி, இல்லாவிட்டால் மார்ச், ஏப்ரல்.

கேள்வி: தண்ணீர் எவ்வளவு எடுத்துப்போக வேண்டும்?

எத்தனை பேர், எத்தனை நாள் என்று எழுதாமல் கேட்டால் நான் ஜோசியமா பார்ப்பது? சமையலையும் சேர்த்து ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர். ஒரு வாரத்துக்குக் கிட்டத்தட்ட 30 கிலோ. ஒரே கேனில் வேண்டாம், ஓட்டை விழுந்தால் போச்சு. சின்னப் பைகளாக, இருக்கையை ஒட்டி, படகின் அடியில் படுக்க வையுங்கள். அகுவா வெர்தே, சான் எவாரிஸ்தோ என்று வழியில் மீனவ ஊர்கள் உண்டு, கேட்டு நிரப்பிக்கொள்ளலாம். அதை நம்பிக் குறைத்து எடுக்காதீர்கள்.

கேள்வி: மலையேற்றத்துக்கு வாங்கிய ஃபில்டரில் கடல் நீரை வடிகட்டலாமா?

அது கிருமியைப் பிடிக்கும், உப்பைப் பிடிக்காது. உப்பு நீக்கும் கைப்பம்பு தனி. ஒரு மணி நேரம் விடாமல் அடித்தால் 4 லிட்டர் சொச்சம் தேறும். அது ஆபத்துக்கு. மேலே சொன்ன 4 லிட்டரில் கைவைக்க அல்ல.

கேள்வி: மொத்தம் 200 கி.மீ. நாளைக்கு 25 வீதம் 8 நாள். 9ஆம் நாள் காலை விமானம். ஜனவரியில் போகிறோம். திட்டம் சரிதானே?

இந்தக் கணக்கில் காற்று எங்கே? மாதம் ஒருவராவது இதே கணக்கோடு வருகிறார், அதனால்தான் எரிச்சல். வடக்கே அமெரிக்க மேற்குப் பகுதியில் காற்றழுத்தம் ஏறினால், 1,100 கி.மீ. நீள வளைகுடாவில் சந்துக்குள் நுழைந்ததுபோல் காற்று தெற்கே பாயும். அங்கே 'எல் நோர்த்தே' என்பார்கள். நம் வாடைதான், குணம் மட்டும் முரடு. குளிர்காலம் முழுக்க வந்து போகும். பிடித்தால் 3 நாள், சில சமயம் ஒரு வாரம். அலை நெருக்கமாக, செங்குத்தாக வரும். "முதுகுப் பக்கம்தானே, தள்ளிவிடும்" என்பவர்கள், பின்னலையில் படகு குறுக்கே திரும்புவதை ஒரு முறை அனுபவிக்க வேண்டும்.

என்னோடு ஒருவர் இப்படித்தான் பயணச் சீட்டோடு வந்தார். மூன்றாம் நாள் வாடை. கூடார வாசலில் நின்று பல் தேய்த்தபடி நுரைத்த கடலைப் பார்த்தவர், "குறைஞ்ச மாதிரி இருக்கே" என்றார். குறையவில்லை. நானும் சரி என்றேன். அது இன்னும் உறுத்துகிறது. முனையைத் தாண்டியதும் கவிழ்ந்தார். மறுபடி ஏற்றி உட்கார வைக்க 20 நிமிடம். தொப்பியும் ஒரு தண்ணீர்ப் பையும் போயே போச்சு. காற்றை எதிர்த்துத் திரும்ப முடியாமல், இரண்டு கயாக் மட்டுமே கொள்ளும் ஒரு கல் இடுக்கில் இரண்டு நாள் கிடந்தோம். விமானம் போய்விட்டது.

12 நாள் ஒதுக்குங்கள். சும்மா கிடக்கும் நாளுக்கும் அதே 4 லிட்டர். கடலில் இறங்குவது விடியலில், கரை ஏறுவது 11 மணிக்குள். விடுப்பு அவ்வளவு இல்லையென்றால் லா பாஸை மறந்துவிட்டு, லொரேத்தோவுக்குச் சற்றுத் தெற்கே இருக்கும் தான்சாந்தே தீவைச் சுற்றிவிட்டு வாருங்கள். அதுவும் அழகுதான்.

கேள்வி: திருக்கை கொட்டினால்?

தாங்கக்கூடிய சூட்டு வெந்நீரில் ஒரு மணி நேரம் காலை வையுங்கள், அப்புறம் மருத்துவரிடம். இறங்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்துக்கொண்டே நடந்தால் அது விலகிப் போய்விடும்.

கேள்வி: அங்கே ஓதம் 6 மீட்டர் ஏறுமாமே, கூடாரம் எங்கே போடுவது?

நீங்கள் படித்தது வளைகுடாவின் வடகோடியில் இருக்கும் சான் ஃபெலிப்பே பற்றி. லொரேத்தோ பக்கம் ஒரு மீட்டர் அளவுதான். ஆனாலும் காய்ந்த பாசிக் கோட்டுக்கு மேலே கூடாரம், கயாக்கைத் தூக்கிக் கட்டிவிட்டுத் தூக்கம். காலையில் செருப்பை உதறிவிட்டுப் போடுங்கள், தேள் இருக்கும்.